இன்னாத்துக்கு அக்கா

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியாவது கேள்விப்பட்டு, போன் செய்து, "என் பேர இன்னாத்துக்குப்பா போட்ட?" என்று கேட்பார். உங்கள் பெருமை நாலு பேருக்குத் தெரியட்டும் என்றுதான் என்பேன். "அது கெடக்கட்டும், நெஜத்த சொல்லு" என்பார். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே வராது. டீ உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியாது. அவரோடு வேலை பார்த்த காலம் முழுக்க அதைத் தாங்க முடியாமல்தான் நான் பல உண்மைகளைச் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனி. கீழே லைனில் பெரும்பாலும் பெண்கள். நின்றபடியே பலகையில் வயர்களைக் கோர்த்து டேப் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஸ்டோர்ஸுக்கு மேலே, தகரக் கூரை போட்ட ஓர் அறையில் நாங்கள் சில பேர் அந்த லைனுக்கான சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். நான் கும்பகோணத்திலிருந்து வந்தவன். சென்னையில் பெரிய ஐடி கம்பெனிகள் இருக்கிற ஓஎம்ஆர் ரோட்டில், கண்ணாடிக் கட்டடத்தில், லிஃப்டில் ஏறி இறங்கி, காபி மெஷின் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் சிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவன். கிடைத்தது தகரக் கூரை. சுங்குவார்சத்திரத்தில் குறட்டை விடுகிற இரண்டு பேரோடு ஒரு ரூம். எல்லாரையும் பார்த்து எரிந்து விழுந்துகொண்டிருந்த அந்த நாட்களில்தான் இந்த அக்கா எனக்கு வந்து வாய்த்தார்.

ப்ராடக்ட் ஓனர் என்பது அவருடைய பதவி. பேரைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். ஓனருக்கு உண்டான ஒன்றும் அதில் கிடையாது. தொழிற்சாலையில் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதைச் சின்னச் சின்னச் சீட்டாக எழுதி, எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்தி எங்களிடம் தருவார். நாங்கள் அதைப் பார்த்து ப்ரோக்ராம் எழுதுவோம். சீட்டுக்கு யூசர் ஸ்டோரி என்று பெயர். இன்னும் செய்யாமல் குவிந்து கிடக்கும் சீட்டுகளுக்கு பேக்லாக் என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால், ரேஷன் கடை வரிசையில் சண்டை வராமல் பார்த்துக்கொள்கிற வேலை.

ஆனால் அவர் குடியிருந்த பென்னலூரில் அவருடைய மாமியார், "எங்க மருமவ கம்பெனி ஓனரு" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டார். விளைவாக ஐடிஐ படித்த பையன்கள் பயோடேட்டாவோடு வாசலில் வந்து நின்றார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றுவதற்கு, ஓனரம்மா பேரில் ஓர் அண்டா என்று விழாக்குழு தானாகவே எழுதிக்கொண்டு போனது. அக்கா மாமியாரிடம், "இன்னாத்துக்கு அத்த அப்டி சொன்ன?" என்று கேட்டிருக்கிறார். கிழவி கொஞ்ச நேரம் அதையும் இதையும் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில், "எதிர்வூட்டுக்காரி அவ மருமவ நர்ஸுன்னு பீத்திக்கினு கீறா. அதுக்குத்தான்" என்றிருக்கிறார். "செரி, அப்ப சொல்லிக்க" என்று அக்கா விட்டுவிட்டார். அண்டாவையும் கொடுத்தார்.

இதுதான் அவர் சுபாவம். காரணம் உண்மையாக இருந்தால் போதும். அது அற்பமாக இருந்தாலும், அசிங்கமாக இருந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

உலகம் முழுக்க யூசர் ஸ்டோரிக்கு ஒரே அச்சுதான். இன்னாராகிய எனக்கு, இன்னது வேண்டும், இன்னதற்காக. மூன்று வரி. முதல் இரண்டு வரிகளை எல்லோரும் ஒழுங்காக எழுதிவிடுவார்கள். மூன்றாவது வரியில்தான் கை கூசாமல் புளுகுவார்கள். அங்கே எழுதுவதற்கென்றே இங்கிலீஷில் பளபளவென்று சில வார்த்தைகள் உண்டு. அக்கா வந்ததும் முதல் வேலையாக இங்கிலீஷை நிறுத்தினார். "இங்கிலீஷ்ல எழுதுனா எல்லாரும் ரொம்ப நல்லவங்களா தெரியறாங்கப்பா. தமிழ்ல எழுது, யாருன்னு பாப்போம்" என்றார். மஞ்சள் சீட்டில் மூன்று தலைப்பு போடுவார். யார், இன்னா வேணும், இன்னாத்துக்கு. அதற்கு மேல் இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். யார் கேட்டார்களோ அவர்களே, காலையில் நாங்கள் எல்லோரும் நின்றபடி நடத்தும் கூட்டத்தில் வந்து, சீட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்தால்தான் சீட்டு வரிசையில் சேரும். இதனாலேயே எங்கள் பேக்லாக் மாதிரி ஒல்லியான பேக்லாக் அந்த வட்டாரத்திலேயே இருந்திருக்காது.

முதலில் மாட்டியவன் நான். லைனில் பெண்கள் பார்க்கிற டேப்லெட் ஆப்பில் திரையைக் கருப்பாக்கும் வசதி வேண்டும் என்று நானே ஒரு யோசனை கொண்டுபோனேன். அக்கா கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

"இன்னாத்துக்கு?"

"கண்ணுக்கு நல்லதுக்கா. ஆபரேட்டர்ஸ் நாள் பூரா ஸ்க்ரீன் பாக்கறாங்க."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னை முறைக்கவும் இல்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தார். பேட்டரி மிச்சம் ஆகும் என்றேன். டேப்லெட் எந்நேரமும் சார்ஜரில்தான் கிடக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இப்போதெல்லாம் எல்லா ஆப்பிலும் இருக்கிறது என்றேன். அவர் டீயை ஒரு வாய் குடித்தார். எனக்கு வேர்த்துவிட்டது.

"பயோடேட்டால போட்டுக்கலாம்னுதான்க்கா. ஓஎம்ஆர்ல ட்ரை பண்றேன்."

"ஆங்" என்று பேனாவை எடுத்தார்.

மறுநாள் காலை, எங்கள் டீம் லீடரும் இருக்கிற கூட்டத்தில், நான் படித்தேன். யார்: இந்தக் கம்பெனியை விட்டுப் போகப் பார்க்கும் ப்ரோக்ராமர். இன்னா வேணும்: கருப்புத் திரை. இன்னாத்துக்கு: பயோடேட்டாவில் எழுத. டெஸ்டிங் பார்க்கிற பெண் சிரித்த சிரிப்பில் கீழே ஸ்டோர்ஸிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. என் மானம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அக்கா சிரிக்கவில்லை. சீட்டை வாங்கி வரிசையில் மூன்றாவதாக ஒட்டினார். டீம் லீடர் பதறிப்போய், "இதப் போயி செய்யணுமா?" என்றார். "நெஜமான காரணம் சார். ஒரு நாள் வேல. செஞ்சிட்டு போறான். புள்ள நல்லா வரட்டும்" என்றார் அக்கா. செய்தேன். பயோடேட்டாவிலும் போட்டேன். ஓஎம்ஆரில் யாரும் கூப்பிடவில்லை என்பது வேறு விஷயம்.

குவாலிட்டி தலைவர் ஒருவர் இருந்தார். படுக்கைவிரிப்பு அளவுக்கு ஒரு ரிப்போர்ட் கேட்டார். அவ்வளவு கட்டங்களையும் யார் படிப்பார்கள் என்று அக்கா கேட்கவே இல்லை. இன்னாத்துக்கு என்று மட்டும்தான் கேட்டார். டீ ஆறியது. முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் இதில் பாதி ரிப்போர்ட்தான் அனுப்பிக்கொண்டிருந்தார், அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் தனக்கு மரியாதை என்று அவர் வாயாலேயே வந்தது. சீட்டு எழுதியாயிற்று. மறுநாள் படிக்க வரவேண்டிய நேரத்தில் அவருக்கு வயிற்றுவலி. அதற்கடுத்த நாள் வந்து, "அந்த ரிப்போர்ட்ட கொஞ்சம் சின்னதாவே பண்ணிக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டிலும் இதே கதைதான். அவருடைய கணவர் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் பக்கத்தில் பைக் மெக்கானிக் கடை வைத்திருந்தார். என் வண்டியை அங்கேதான் விடுவேன். ஒருநாள் ஸ்பார்க் ப்ளக்கைத் துடைத்துக்கொண்டே புலம்பினார்.

"டிவி மாத்தணும்னு சொன்னேன் தம்பி. இன்னாத்துக்குன்னா. படம் தெளிவா தெரிலன்னேன். ஒண்ணியும் சொல்லாம உக்காந்துகினு கீறா. எவ்ளோ நேரம்தான் அந்த மூஞ்சியவே பாக்கறது? மச்சான் பெருசு வாங்கிட்டான், அதுக்குத்தான்னு நானே சொல்ட்டேன். செரி வாங்கிக்கன்னுட்டா. ஆனா கடக்காரன்கிட்டயும் அதையே சொல்லணுமாம்."

"சொன்னீங்களா அண்ணே?"

"பக்கத்துலயே நிக்கிறா, சொல்லாம? சொன்னேன். கடக்காரன் சிரிக்கல தம்பி. மச்சான் டிவி எத்தினி இன்ச்சுன்னு கேட்டான். அத்தவிட ஒரு சைஸ் பெருசா எடுத்து குட்த்தான். இன்னிக்கி வரிக்கும் திருப்தியா கீது."

அக்கா அந்த லைனில் ஆபரேட்டராக நின்றவர்தான். நின்ற காலத்திலேயே தபாலில் டிகிரி முடித்து, காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகு மேலே வந்தவர். "உக்காந்து சம்பளம் வாங்குற வேல எங்க வூட்ல எனக்குத்தான் மொதல்ல" என்று பெருமையாகச் சொல்வார். ஆனால் அது நிரந்தர வேலை இல்லை. ஏஜென்சி மூலம் கான்ட்ராக்ட். வருஷத்துக்கு ஒருமுறை மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம். கையெழுத்து மாதம் நெருங்கினால் அக்காவின் டிபன் பாக்ஸில் சோறு பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். டெஸ்டிங் பெண்ணும் நானும் அதைப் பார்த்துத்தான் மாதம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம்.

அப்படி ஒரு மாதத்தில்தான் புது மேனேஜர் அந்தக் கோரிக்கையைக் கொண்டுவந்தார். கோயம்புத்தூர்க்காரர். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திட்டினாலும் ங்க போட்டுத் திட்டுவார். திட்டு வாங்கியவர்களுக்கு அது திட்டு என்று புரியவே கொஞ்ச நேரம் ஆகும்.

விஷயம் இதுதான். லைன் ஓடிக்கொண்டே இருக்கும், ஆபரேட்டர் இடத்தை விட்டு நகர முடியாது. பாத்ரூம் போகவேண்டும் என்றால் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். ரிலீவர் என்று ஒருத்தி வந்து அந்த இடத்தில் நிற்பாள். பிறகு இவள் போகலாம். மேனேஜர் கேட்டது, போன நிமிஷத்திலிருந்து திரும்பி வரும்வரை எவ்வளவு நேரம் என்று லைனுக்கு மேலே பெரிய போர்டில் ஓடவேண்டும். குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டினால் அந்த இடத்தின் நம்பர் சிவப்பாக மினுக்க வேண்டும்.

"பெரிய வேலை இல்லக்கா, ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்" என்றேன் நான், முந்திரிக்கொட்டை மாதிரி.

அக்கா என்னைப் பார்த்தார். "அந்த போர்டு வந்துச்சுன்னா ஒருத்தியும் தண்ணி குடிக்கமாட்டா. நானே குடிக்காம நின்னவதான். அப்றம் டாக்டராண்ட போயி நின்னவளும் நான்தான்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே இன்னொன்றும் உறைத்தது. "அக்கா, இவர்கிட்ட மட்டும் இன்னாத்துக்குன்னு கேக்காதீங்க. கையெழுத்து போடவேண்டிய ஆளு. நான் ஏதாவது எழுதிடறேன்."

"கேக்காம எப்டிப்பா? மூணாவது வரி காலியா கீதே."

போனார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.  மேனேஜருடைய ஏசி ரூமுக்கு அக்கா கேன்டீனிலிருந்து மூன்று டீ சொல்லியிருந்தார். வந்ததும் ஒன்றை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"சார், இந்த போர்டு இன்னாத்துக்கு?"

"ப்ரொடக்டிவிட்டிக்குத்தானுங்க மேடம்."

அக்கா டம்ளரைக் கையில் எடுத்தார்.

"ஒரு டிசிப்ளின் வேணுமில்லீங்களா?"

அக்கா ஊதினார்.

"லேடீஸ் நல்லதுக்குத்தானுங்க. ஒருத்தரே ரொம்ப நேரம் போயிட்டா அடுத்தவங்களுக்குக் கஷ்டமில்லீங்களா?"

அக்கா குடித்தார். மேனேஜர் மேஜையில் கிடந்த பேனாக்களை நேராக அடுக்கினார். ஏசி ரிமோட்டை எடுத்துப் பார்த்து வைத்தார். போனைத் திருப்பிப் பார்த்தார், பாவம், ஒரு காலும் வந்திருக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது.

"மண்டே ஹெட் ஆபீஸ்ல இருந்து கால் வருதுங்க" என்றார் திடீரென்று, குரல் இறங்கி. "நம்பர் ஏன் கொறஞ்சுதுன்னு கேப்பாங்க. எனக்குப் பதில் தெரியறதில்லீங்க. ஏதாவது செஞ்சேன்னு காட்டோணும். ஞாயித்துக்கிழமையானா சோறே எறங்கறதில்லீங்க மேடம்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "இது காரணம் சார்" என்று சொல்லி எழுத ஆரம்பித்தார்.

எழுதி முடித்த சீட்டை மேனேஜர் வாங்கிப் பார்த்தார். யார்: திங்கட்கிழமை போனுக்குப் பயப்படும் மேனேஜர். இன்னா வேணும்: லைன் எதனால் தாமதமாகிறது என்று காட்டும் போர்டு. இன்னாத்துக்கு: கேட்டால் பதில் சொல்ல, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட.

"இதையா நான் எல்லாருக்கும் முன்னால படிக்கோணும்?"

"நீங்கதான சார் கேட்டீங்க."

வரமாட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வந்தார். சட்டையை நன்றாக உள்ளே செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி நின்று படித்தார். யாரும் சிரிக்கவில்லை. குவாலிட்டி தலைவர் மட்டும் மெல்ல, "எனக்கும் அப்படித்தான் சார்" என்றார்.

சீட்டில் பாத்ரூம் என்ற பேச்சே இல்லாமல் போனதை அவர் அப்போது கவனித்தாரா, தெரியாது. தாமதம் எதனால் என்று பார்க்கச் சொல்லி அக்கா என்னிடம் கொடுத்தார். பட்டன் அழுத்திய நேரம், ரிலீவர் வந்த நேரம், போனவள் திரும்பி வந்த நேரம் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே கிடந்தன. போனவர்கள் எல்லோரும் ஓட்டமாக ஓடித்தான் திரும்பி வந்திருந்தார்கள். நேரமெல்லாம் போனது, அழுத்திவிட்டு ரிலீவருக்காகக் காத்திருந்ததில். காத்திருக்கிறவள் கால் மாற்றி மாற்றி நின்று வயரைத் தப்பாகச் செருகுகிறாள்; அதைப் பிரித்துத் திரும்பப் போடுவதில் லைன் நிற்கிறது. ரிலீவர்கள் குறைந்தது எப்போது என்றால், மேனேஜர் வந்த புதிதில் ஆள் மிச்சம் பிடிக்கிறேன் என்று பாதிப் பேரை வேறு பிரிவுக்கு அனுப்பியபோது.

ஆக, போர்டு வந்தது. ஆனால் அதில் ஓடியது, பட்டன் அழுத்தியதிலிருந்து ரிலீவர் வந்து சேரும்வரை ஆகும் நேரம். சிவப்பாக மினுக்கினால் அது மேனேஜரைப் பார்த்துத்தான் மினுக்கியது. இரண்டு நாள் அவர் லைனில் வந்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாள் ரிலீவர்களைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார். அடுத்த திங்கட்கிழமை அவர் ரூமிலிருந்து, "அது நான் பண்ணுன தப்புங்க சார், சரி பண்ணியாச்சுங்க" என்று போனில் சொன்னது வெளியே கேட்டது. அந்த வருஷம் கையெழுத்துப் போட்டார். கீழே பெண்கள் லைனிலேயே பாட்டில் வைத்துத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு மேனேஜரைக்கூடக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று, இதைச் சொல்ல இப்போது கசக்கிறது.

மறுவருஷம் ஹெட் ஆபீஸ் ஒரு சாஃப்ட்வேர் வாங்கி அனுப்பியது. யூசர் ஸ்டோரியைத் தானே எழுதுகிற ஏஐ. என்ன வேண்டும் என்று ஒரு வரி அடித்தால் போதும். மூன்று வரியையும் முத்து முத்தான இங்கிலீஷில் கொட்டும். டெமோ காட்ட வந்த பையன், "நீங்க எதாவது குடுங்க மேடம்" என்று அக்காவிடம் கீபோர்டை நகர்த்தினான். அக்கா ஒற்றை விரலால் அடித்தார். கம்பெனி கேட்டில் ஒரு யானை வேண்டும்.

கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. ஊழியர்களின் மன உறுதியை உயர்த்த, பாதுகாப்பைப் பலப்படுத்த, நிறுவனத்தின் பாரம்பரியப் பிணைப்பை வெளிப்படுத்த. யானைக்குத் தீனி வைக்கும் நேரத்தைக் கண்காணிக்க இன்னும் நாலு சீட்டுகள் தேவைப்படலாம் என்று யோசனை வேறு. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். டெமோ பையனும் சிரித்தான். அக்கா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்குன்னு இதுகிட்ட யாரும் கேக்கவே இல்ல. எப்டி சொல்லுது பாரேன்" என்றார்.

கையெழுத்து மாதம் வந்தது. டிபன் பாக்ஸில் சோறு அப்படியே திரும்பிப் போனது. கையெழுத்து வரவில்லை. எச்ஆரில் கேட்டால் ப்ராசஸில் இருக்கிறது என்றார்கள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருடைய ஐடி கார்டை வாங்கிக்கொண்டார்கள். சாயந்திரம் எங்கள் அறைக்கு ஒரு கேக் வந்தது. அதன்மேல் அக்கா பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

எல்லோரும் சுற்றி நின்றோம். மேனேஜர் பேசினார். மேடம் சொந்தக் காரணங்களுக்காக நம்மை விட்டு விலகுகிறார், அவருடைய பங்களிப்பு மகத்தானது, எதிர்காலம் சிறக்க வாழ்த்துவோம் என்று இங்கிலீஷில். எச்ஆர் பெண் கைதட்ட ஆரம்பித்தாள். அக்கா பிளாஸ்டிக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, கேக்கை வெட்டாமல், அவரையே பார்த்தார்.

"இன்னாத்துக்கு சார்?"

கைதட்டல் நின்றது.

"ரீஸ்ட்ரக்சரிங் பண்றாங்கல்லீங்களா, மேடம்."

அக்கா கத்தியைப் பிடித்தபடியே நின்றார்.

"அந்த சாஃப்ட்வேர் வேற வந்திருச்சுங்களே."

தகரச் சூட்டில் கேக்கின் ஓரத்தில் க்ரீம் வழிய ஆரம்பித்தது.  அக்கா முகத்தில் கோபம் இல்லை. எங்கள் எல்லோரிடமும் காத்திருந்தது போலவேதான் காத்திருந்தார். மேனேஜர் கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். எச்ஆர் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"ஆளக் கொறைக்கோணும், ஒரு பேரு குடுன்னு ஹெட் ஆபீஸ்ல கேட்டாங்க மேடம். யோசிக்கறதுக்கு டைம் தரலீங்க. குடுக்காட்டி என் பேரு போயிரும்னு பயந்துட்டேன். பையன் இப்பத்தானுங்க ஸ்கூல் மாறியிருக்கான். உங்க பேரச் சொல்லிட்டேன்."

  இந்த அக்கா இப்போது கேக்கைத் தூக்கி அந்த ஆள் தலையில் கொட்ட வேண்டும் என்று மனசார வேண்டினேன். அக்கா தலையை ஆட்டினார்.

"ஆங். செரி சார்."

வெட்டினார். ஓரத்து ரோஜாப்பூ இருந்த பெரிய துண்டாக எடுத்து முதலில் அவரிடம்தான் கொடுத்தார். மேனேஜர் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

கேட்டுக்கு நடக்கும்போது நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அவ்ளோ சுலபமா விட்டுட்டீங்களேக்கா?"

"நெஜத்த சொன்னவன இன்னான்னுப்பா திட்டறது? பொய் சொல்லிகினு இருந்தான்னா இன்னிக்கி பூரா அங்கயே உக்காந்திருப்பேன்." கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு யாரும் கேட்காமலே, "ஆனா எனக்கு வயிறு எரியுதுப்பா. நல்லா எரியுது. நாளக்கி காலைல எழுந்து நான் எங்க போறது?" என்றார்.

கம்பெனி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நான் முன்னால் ஏறிவிட்டேன். படியில் நின்ற செக்யூரிட்டி அக்காவிடம் கார்டு கேட்டான். தினமும் அவருக்கு வணக்கம் வைப்பவன். முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டான். கார்டு இல்லாமல் ஏற்றக்கூடாது என்று அன்றைக்கு யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா கைப்பையை இழுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோ நிற்கிற பக்கம் ரோட்டைக் கடக்கத் திரும்பினார்.

நான் இறங்கி ஓடினேன். பஸ் போய்விட்டது.

"நீ இன்னாத்துக்குப்பா எறங்குன?"

"துணைக்குத்தான்க்கா."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அழுக வருதுக்கா" என்றேன். "பஸ்ல அழுதா எல்லாரும் பாப்பாங்க."

"செரி, வா" என்று என் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்தார்.